கை படாத வரிகள்

என் செல்லக் கயலுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ நலம் என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்குப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு உன்னிடமிருந்து வாட்ஸப் வருகிறது. காலையில் உங்கம்மாவைக் கேட்டால், "ராத்திரி சுட்டு வச்ச தோசை அப்படியே இருக்கு அண்ணி" என்கிறாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாலும் அந்தப் பிழை அங்கேயேதான் இருக்கும், எங்கும் ஓடிவிடாது. முதலில் சாப்பிடு.

நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லிக்கொண்டே நீ கீபோர்டில் வேறெதையோ தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. எழுதிக் கொடுத்தால் திரும்பப் படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை. உங்கள் மின்னூல் செயலிக்குள் வைத்திருக்கிற எடிட்டரில் ஓர் எழுத்தாளர் தன் அத்தியாயத்தைத் திறக்கிறார், இரண்டு சொல்லைத் திருத்துகிறார், சேமிக்கிறார். மறுபடி திறந்தால் பக்கம் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. மற்ற அத்தியாயங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்க, இது ஒன்றுக்கு மட்டும் இந்தக் கதி. இதைச் சொல்லிவிட்டுப் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாய்: "எச்டிஎம்எல், எக்ஸ்எச்டிஎம்எல் ரெண்டும் ஒண்ணுதானே அத்தை? கடைசியில ஒரு சாய்கோடு கூடப் போடணும், அவ்வளவுதானே?"

அவ்வளவு இல்லை, கண்ணு. அந்தச் சாய்கோட்டை யார் படிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு பிரௌசருக்குள்ளும் இரண்டு பார்சர்கள் உண்டு. எச்டிஎம்எல் பார்சர் எதைக் கொடுத்தாலும் முறைக்காது. மூடாத டேக்கைத் தானே மூடும், இடம் மாறிக் கிடப்பதைத் தூக்கி வேறிடத்தில் வைக்கும், அட்டவணைக்குள் நீ எழுதாத டிபாடியைத் தானே சேர்க்கும், கடைசியில் எப்படியாவது ஒரு பக்கத்தைக் காட்டிவிடும். எக்ஸ்எம்எல் பார்சர் முதல் பிழையிலேயே நின்றுவிடும். ஃபயர்ஃபாக்ஸில் அத்தியாயத்துக்குப் பதில் மஞ்சள் பக்கத்தில் ஒரு பிழைச் செய்தி வரும். குரோமில் பிழை வரைக்கும் உள்ள பகுதி மட்டும் தெரியும், மேலே ஒரு செய்திப் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஒரே எழுத்துக் கூட்டத்தை இந்த இரண்டிடமும் கொடுத்தால் இரண்டு வெவ்வேறு மரங்கள் முளைக்கும், எடிட்டர் கை வைப்பது அந்த மரத்தின் மேல்தான்.

எந்தப் பார்சர் படிக்கும் என்பதை டாக்டைப் தீர்மானிப்பதில்லை, சாய்கோடும் தீர்மானிப்பதில்லை. ஆவணத்தோடு வருகிற மைம் வகைதான் தீர்மானிக்கிறது. ஃபைலை நேராக டிஸ்க்கிலிருந்து திறந்தால் பிரௌசர் அதன் பெயரின் வாலைப் பார்க்கும். எக்ஸ்எச்டிஎம்எல் என்று முடிந்தால் ஒரு பார்சர், எச்டிஎம்எல் என்று முடிந்தால் இன்னொன்று. இபப் என்கிற மின்னூல் வடிவத்துக்குள் அப்படி இல்லை. அங்கே ஓபிஎஃப் ஃபைலில் உள்ள மேனிஃபெஸ்டில் ஒவ்வொரு ஃபைலுக்கும் வகை எழுதியிருக்கும், அந்தச் சொல்தான் செல்லும். பெயர் எச்டிஎம்எல் என்று முடிகிற எத்தனையோ இபப் அத்தியாயங்கள் உள்ளுக்குள் முழுக்க எக்ஸ்எச்டிஎம்எல்தான். பெயரைப் பார்த்து ஏமாறுகிற எடிட்டர் அவற்றைத் திறக்கும் போதே தவறான பார்சரிடம் கொடுத்துவிடுகிறது.

உன் வயதில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் போனதில் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை. எக்ஸ்எம்எல் 1.0 வந்தது 1998 பிப்ரவரியில். எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 என்பதை டபிள்யூ3சி 2000 ஜனவரி 26 அன்று பரிந்துரையாக வெளியிட்டது. இனி வலை முழுக்க இந்தக் கண்டிப்பில்தான் நடக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்ட காலம் அது. ஆனால் அன்று ஊரெல்லாம் வைத்திருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எக்ஸ்எச்டிஎம்எல்லுக்கு உரிய மைம் வகையைக் கண்டால் பக்கத்தைக் காட்டாமல் "டவுன்லோட் செய்யட்டுமா" என்று கேட்டது. 2011இல் ஒன்பதாம் பதிப்பு வரும்வரை அதே நிலைமை. அதனால் எல்லாரும் என்ன செய்தார்கள்? எக்ஸ்எச்டிஎம்எல் என்று மேலே எழுதிவிட்டு எச்டிஎம்எல் என்றே அனுப்பினார்கள். கண்டிப்பான பார்சரின் கண்ணில் அந்தப் பக்கங்கள் படவே இல்லை, உள்ளே இருந்த பிழைகளும் வெளியே வரவில்லை. 2009இல் டபிள்யூ3சி எக்ஸ்எச்டிஎம்எல் 2 வேலையையும் நிறுத்திவிட்டது. செத்துப்போன ஒன்று என்று உங்கள் காதுக்கு வந்து சேர்ந்தது அதனால்தான்.

சாகவில்லை, புத்தகத்துக்குள் குடியேறிவிட்டது. 2007இல் வந்த இபப், 2011இல் வந்த இபப் 3, இப்போது டபிள்யூ3சியின் கையில் 2023 மே மாதம் பரிந்துரையான இபப் 3.3, எல்லாவற்றிலும் அத்தியாயங்கள் எக்ஸ்எம்எல் இலக்கணத்தில்தான் இருக்க வேண்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு அச்சுக்கோப்பும் டேகிங்கும் செய்து கொடுத்த நிறுவனங்களில் எங்கள் தலைமுறைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து இந்த இலக்கணத்தைக் கைப்பழக்கமாகவே கற்றோம். எஸ்ஜிஎம்எல் காலத்திலேயே தொடங்கிய பழக்கம் அது. மூடாத டேக்கோடு ஒரு ஃபைல் எங்கள் மேசையைத் தாண்டிப் போகாது. அந்தக் கண்டிப்பு இருந்ததால்தான் அன்று நாங்கள் செய்த ஃபைல்களை இன்றும் ஒரு கருவி தடங்கலில்லாமல் படிக்கிறது. நான் பெருமையோடு சொல்வேன், அது அழகான வேலை.

இப்போது உன் வெள்ளைப் பக்கத்துக்கு வருகிறேன். அந்த அத்தியாயத்துக்கு எழுத்தாளர் தலைப்பு எழுதாமல் விட்டிருக்கிறாரா, பார். அதாவது ஹெட் பகுதிக்குள் டைட்டில் டேக் இருக்கிறது, அதற்குள் ஒன்றும் இல்லை. எக்ஸ்எம்எல் கணக்கில் வெற்று டேக்கைத் திறந்து மூடினாலும் ஒன்றுதான், ஒரே டேக்காகச் சாய்கோடு போட்டு முடித்தாலும் ஒன்றுதான். நீங்கள் சேமிக்கப் பயன்படுத்துகிற எக்ஸ்எம்எல் லைப்ரரி இரண்டாவது வழியில் எழுதியிருக்கும், அதில் தப்பே இல்லை. ஆனால் மறுபடி திறக்கும்போது எச்டிஎம்எல் பார்சர் படிக்கிறது. அதற்கு அந்தச் சாய்கோடு கண்ணிலேயே படாது. டைட்டில் திறந்தது, இன்னும் மூடவில்லை என்று எடுத்துக்கொண்டு, அத்தியாயம் முழுவதையும் தலைப்பின் எழுத்தாகவே விழுங்கிவிடும். உடல் பகுதிக்கு எதுவும் மிஞ்சாது. டெவ்டூல்ஸைத் திறந்து டைட்டிலுக்குள் எட்டிப்பார், முழு அத்தியாயமும் அங்கே இருந்தால் என் சந்தேகம் சரி. எதுவும் தொலைந்திருக்காது, பயப்படாதே. அந்த வெள்ளைப் பக்கத்தில் இருக்கும்போது "சேமி" பொத்தானை மட்டும் யாரையும் அழுத்த விடாதே.

இதே குடும்பத்தில் இன்னொன்று இருக்கிறது, இதைவிடப் பொல்லாதது. அச்சுப் புத்தகத்தின் பக்க எண்ணைக் குறிக்க மின்னூலில் ஆங்காங்கே உள்ளே ஒன்றுமில்லாத ஓர் ஏ டேக்கை, ஐடி மட்டும் கொடுத்து, சாய்கோட்டோடு போட்டு வைப்பார்கள். எச்டிஎம்எல் பார்சர் அதையும் திறந்ததாகவே எடுத்துக்கொள்ளும். ஏ டேக் பத்தி முடிந்தாலும் விடாது. அடுத்த பத்தி, அதற்கடுத்த பத்தி என்று ஒவ்வொன்றுக்குள்ளும் அதே ஐடியோடு மறுபடி முளைத்துக்கொண்டே போகும், இன்னொரு ஏ டேக் வந்து அதை மூடும்வரை. திரையில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சேமித்தால் எல்லாமே ஃபைலுக்குள் போய்விடும். வெள்ளைப் பக்கமாவது கண்ணுக்குத் தெரிகிறது, நீ எனக்குப் போன் செய்தாய். இது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் புத்தகத்துக்குள் சேர்ந்துகொண்டே போகும்.

அதனால் முதல் வேலை, திறப்பதைச் சரி செய். ஐஃப்ரேமின் எஸ்ஆர்சிடாக் பண்பில் நீ எதைப் போட்டாலும் எச்டிஎம்எல் பார்சர்தான் படிக்கும், மாற்ற வழியே கிடையாது. நீங்கள் அதைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளடக்கத்தை ஒரு பிளாப் ஆக்கி, எக்ஸ்எச்டிஎம்எல்லுக்கு உரிய மைம் வகையை அதற்குக் கொடுத்து, அந்த முகவரியை ஐஃப்ரேமில் வை. அப்போது படங்களின் சார்பு முகவரிகள் வேலை செய்யாமல் போகும். அதற்காக ஒரு பேஸ் டேக்கைச் செருகினால், சேமிக்கும்போது அதை மறக்காமல் எடு. எலக்ட்ரான் என்றால் உங்களுக்கென ஒரு நெறிமுறை வைத்துச் சரியான வகையோடு கொடுப்பது இன்னும் சுத்தம். க்யூட்டி வெப்என்ஜின் என்றால் செட்எச்டிஎம்எல்லை விட்டுவிட்டு, வகையைச் சொல்லிக் கொடுக்கிற செட்கன்டென்ட் வழிக்கு வா. அதற்கும் 2 எம்பி எல்லை உண்டு என்பதை நினைவில் வை. எழுத்தாளர் படத்தை ஃபைலுக்குள்ளேயே திணித்துக் கொண்டுவந்த அன்றைக்கு அது இடிக்கும்.

அப்படித் திறந்ததும் உங்கள் கோடில் பாதி முரண்டு பிடிக்கும். பிடிக்கட்டும். டேக் பெயரைப் பெரிய எழுத்தில் ஒப்பிட்ட இடமெல்லாம் உடையும், ஏனென்றால் எக்ஸ்எம்எல் மரத்தில் பெயர் எழுதியபடி சின்ன எழுத்தில்தான் இருக்கும். டாக்குமென்ட் ரைட் வேலை செய்யாது. இன்னர்எச்டிஎம்எல்லுக்கு அரைகுறைத் துண்டைக் கொடுத்தால் பிழை எறியும். உன் மேலாளர் "முன்னாடி ஓடிச்சே" என்பார். முன்னால் ஓடியபோது உள்ளே என்ன நடந்தது என்று அந்த ஏ டேக்கைக் காட்டு.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கோடை விடுமுறையில் தாத்தாவுக்கு உதவி செய்கிறேன் என்று அவருடைய பத்திரக் கட்டைப் பிரித்து, தாள்களை அளவு வாரியாக அடுக்கி, ரிப்பன் கட்டி வைத்தாய். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது! தாத்தா வைத்திருந்த வரிசையில்தான் எந்த வயல் யாரிடமிருந்து வந்தது என்ற கணக்கே இருந்தது. உன்னைத் திட்ட மனம் வராமல் அந்த மனுஷர் நாள் கணக்கில் உட்கார்ந்து மறுபடி அடுக்கினார். உன் எடிட்டருக்கும் அந்தப் பிள்ளைக்குணம் இருக்கிறது, கயல். ஒரு சொல்லைத் திருத்தக் கொடுத்தால் வீட்டையே ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் வரும். நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான்: எழுத்தாளர் கை வைத்த இடத்தில் மட்டும் மாற்றம் இருக்கட்டும். அவர் கை படாத வரி உள்ளே வந்தபடியே வெளியே போகட்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார், ஒவ்வொன்றாக இடிக்கும். ரூட் எலிமென்ட்டை மட்டும் எடுத்துச் சேமித்தால் அதற்கு மேலே இருந்த எக்ஸ்எம்எல் அறிவிப்பும் டாக்டைப்பும் காணாமல் போகும், அவற்றைத் திறக்கும்போதே தனியே எடுத்து வைத்துக்கொள். இபப்பின் டைப் பண்பு என்று ஒன்று வரும், "இது அடிக்குறிப்பு", "இது அடிக்குறிப்புக்கான சுட்டு" என்று வாசிப்பானுக்குச் சொல்வது. சுத்தம் செய்கிற கோடுக்கு அது தெரியாத பண்பு, தூக்கி எறிந்துவிடும். பிறகு சில வாசிப்பான்களில் அடிக்குறிப்பு குட்டிப் பெட்டியாக எழும்பி வருவது நின்றுபோகும். தெரியாததை எறியாமல் இருப்பதை எடிட்டரின் இயல்பாகவே வை. ஸ்டைல் டேக்குக்குள் பழைய காலத்துப் பழக்கத்தில் எச்டிஎம்எல் கமென்ட் குறி போட்டு எழுதியிருப்பார்கள். எக்ஸ்எம்எல் பார்சருக்கு அது உண்மையான கமென்ட், உள்ளே உள்ள அலங்காரம் அத்தனையும் மறைந்துவிடும். அங்கே நீயாகத் திருத்தாமல் எழுத்தாளரிடம் சொல்லிக் கேட்டுச் செய்.

என்டிட்டி விஷயத்தில் கொஞ்சம் நின்று கேள். எக்ஸ்எம்எல்லுக்குப் பிறப்பிலேயே தெரிந்த பெயர்கள் ஐந்துதான்: &, <, >, இரட்டை மேற்கோள், ஒற்றை மேற்கோள் ஆகியவற்றுக்கு உரியவை. எச்டிஎம்எல்லில் வரி உடையாத இடைவெளிக்கு எல்லாரும் சர்வசாதாரணமாக எழுதுகிற என்பிஎஸ்பி அந்த ஐந்தில் இல்லை. பழைய இபப் 2 அத்தியாயங்களில் எக்ஸ்எச்டிஎம்எல் 1.1இன் நீளமான டாக்டைப் இருக்கும். அதைப் பார்த்ததும் பிரௌசர்கள் மற்ற பெயர்களையும் ஏற்றுக்கொள்ளும். இபப் 3க்கு மாற்றுகிறேன் என்று யாராவது அந்த டாக்டைப்பைச் சுருக்கமான புதியதாக மாற்றினால், அதே நொடியில் புத்தகத்திலுள்ள ஒவ்வொரு என்பிஎஸ்பியும் பிழையாகிவிடும். மாற்றுவதென்றால் முதலில் அவற்றை &#160; என்று எண்ணால் எழுதிவிட்டு, பிறகு டாக்டைப்பைத் தொடு. வெறும் எழுத்தாகவே வைத்தாலும் சட்டப்படி சரிதான். ஆனால் மூலத்தைப் பார்க்கிறவர் கண்ணுக்குச் சாதாரண இடைவெளிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எண்ணால் எழுதுவதுதான் அடுத்துவருகிற ஆளுக்கு நல்லது.

தமிழுக்கென்று சில உண்டு, இவற்றை உன் டீமில் உன்னைத் தவிர யாரும் கவனிக்கமாட்டார்கள். ரிக்‌ஷா என்று எழுதும்போது ககர மெய்யும் ஷாவும் ஒட்டிக் கூட்டெழுத்தாகிவிடாமல் இருக்க நடுவில் அகலமில்லாத ஓர் எழுத்தை வைப்பார்கள், யூனிகோடில் 200சி. "கண்ணுக்குத் தெரியாத குப்பையை நீக்கு" என்று எடிட்டர்களில் ஒரு வேலை இருக்குமே, அது முதலில் இதைத்தான் நீக்கும். அப்புறம் "கொ" என்ற எழுத்தின் துணைக்குறி. அதை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றே. தேடும்போது இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள், சேமிக்கும்போது நீயாக ஒன்றை இன்னொன்றாக மாற்றாதே. முதலெழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட அதற்கு மட்டும் ஒரு ஸ்பான் சுற்றுகிற அம்சம் வைத்திருக்கிறீர்கள் என்றாயே, அங்கே குறியீட்டை எண்ணி வெட்டினால் ககரம் ஸ்பானுக்குள்ளும் துணைக்குறி வெளியேயும் போய் விழும். எழுத்தாகப் பிரித்து வெட்டு, அதற்கு இன்டல் செக்மென்டர் இருக்கிறது.

அழகாக உள்தள்ளி அடுக்கி எழுதுகிற ஆசையையும் விடு. கவிஞர் ஒருவர் "கண்ணீர்" என்ற சொல்லில் "கண்" மட்டும் தடித்த எழுத்தில் வர வேண்டும் என்று வைத்திருப்பார். உன் அடுக்கும் கோடு டேக்குக்கு டேக் புது வரி போட்டால், பார்சருக்கு அது ஓர் இடைவெளி. வாசகர் "கண் ணீர்" என்று படிப்பார். கவிதை செத்தது. உரைநடையில் ஓர் இடைவெளி கூடினால் பொறுத்துக்கொள்ளலாம் என்று வாதிடுவார்கள், அதற்கும் நீ ஒத்துக்கொள்ளாதே.

தண்ணீர் குடித்தாயா? இந்த இடத்தில் எழுந்து போய்க் குடித்துவிட்டு வா. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து எங்கள் தலைமுறைக்கு வந்த முதுகுவலி உனக்கு வேண்டாம்.

ஒட்டுகிற வேலைதான் எடிட்டரின் வாசல். அழுக்கெல்லாம் அந்த வழியாகத்தான் வரும். எழுத்தாளர்கள் வேர்டிலிருந்துதான் எடுத்து ஒட்டுவார்கள், அவர்களை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். வேர்டிலிருந்து வருவதில் ஓ, முக்காற்புள்ளி, பி என்று ஒரு டேக் பெயர் இருக்கும். எச்டிஎம்எல் பார்சர் அதை ஒரு பெயர் என்று விட்டுவிடும். அதை அப்படியே எக்ஸ்எம்எல்லாக எழுதினால், முக்காற்புள்ளிக்கு முன்னால் உள்ளது ஒரு பெயர்வெளியின் முன்னொட்டு ஆகிவிடும். அந்தப் பெயர்வெளியை யாரும் அறிவிக்கவில்லை, எனவே அடுத்த முறை அத்தியாயம் திறக்கவே திறக்காது. வேறு செயலிகளிலிருந்து ஒட்டும்போது செங்குத்து டேப் போன்ற கட்டுப்பாட்டு எழுத்துகளும் கூடவே வரும். எக்ஸ்எம்எல் 1.0இல் அவற்றுக்கு இடமே இல்லை, எண்ணால் எழுதினாலும் ஏற்காது. ஆகவே ஒட்ட வருவதை வாசலிலேயே நிறுத்து. கிளிப்போர்டில் இருப்பது எச்டிஎம்எல், அதை எச்டிஎம்எல் பார்சரிடமே கொடுத்துத் தனி மரமாக்கு. அனுமதித்த டேக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உரித்துவிடு. பிறகு அந்தக் கிளைகளை உன் அத்தியாயத்துக்குள் நட்டுக்கொள். இப்போதைய எச்டிஎம்எல் பார்சரும் எலிமென்ட்டுகளை எக்ஸ்எச்டிஎம்எல்லின் அதே பெயர்வெளியில்தான் வைக்கிறது, அதனால் கிளை ஒட்டிக்கொள்ளும். வேண்டாததை உரிப்பது இந்த ஓர் இடத்தில் மட்டும் நியாயம், ஏனென்றால் ஒட்டப்படுவது இன்னும் புத்தகம் ஆகவில்லை.

சேமிப்பதைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை. எழுதி முடித்ததும் அதே எழுத்தை எக்ஸ்எம்எல் பார்சரிடம் ஒருமுறை கொடுத்துப் பார்க்காமல் டிஸ்க்கில் வைக்காதே. அதிலும் ஒரு குழி இருக்கிறது. பிரௌசரில் உள்ள டாம்பார்சர் பிழை வந்தால் எக்ஸெப்ஷன் எறியாது. அமைதியாக ஓர் ஆவணத்தைத் திருப்பிக் கொடுக்கும், அதற்குள் பார்சர்எரர் என்று ஓர் எலிமென்ட் இருக்கும். அது இருக்கிறதா என்று நீதான் தேட வேண்டும். தேடாமல் வந்ததைச் சேமித்தால், பாதி அத்தியாயமும் ஓர் ஆங்கிலப் பிழைச் செய்தியும் எழுத்தாளரின் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மனிதர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது, அம்மா. முதலில் வேறொரு பெயரில் எழுது, திறந்து பார், சரியென்றால் பழையதன் இடத்தில் வை. இபப்பை மறுபடி ஜிப் செய்யும்போது மைம்டைப் ஃபைல் முதலாவதாக, சுருக்காமல் போகட்டும். இபப்செக்கை வெளியீட்டு நாளுக்கு என்று ஒத்திப்போடாமல் தினமும் ஓட்டு.

பழக்கம் என்று ஒன்றே ஒன்று பிடித்துக்கொள்வதானால் இதைப் பிடித்துக்கொள். ஒரு ஃபைலைத் திற, எதையும் தொடாதே, சேமி. முன்பிருந்ததையும் இப்போதிருப்பதையும் பைட் பைட்டாக ஒப்பிடு. வித்தியாசம் வந்தால் அது ஏன் வந்தது என்று உன்னால் சொல்ல முடிய வேண்டும். புது அம்சம் எதைச் சேர்த்தாலும் இந்தச் சோதனை தானாக ஓடட்டும். ரிலீஸ் தேதி நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது இதுதான், அப்போது நீ விட்டுக்கொடுக்காமல் நில். டீமில் உனக்குப் பிடிவாதக்காரி என்று பெயர் வந்தால் வரட்டும். உங்கப்பா சின்ன வயதிலேயே அந்தப் பெயரை எடுத்தவன்தான்.

என்னிடம் பழைய இபப்கள் ஒரு கட்டு இருக்கின்றன. வெற்று டைட்டில், சாய்கோட்டு ஏ டேக், எண்ணிலடங்காத என்பிஎஸ்பி, எஸ்விஜி படத்துக்குள் எழுத்து, சாம்பிள் கவிதைகள் எல்லாம் கலந்தவை. சோதனைக்கு அவற்றை அனுப்பிவைக்கிறேன். குறியாக்கம் யூடிஎஃப்-8 அல்லாத, அதை மேலே அறிவிக்கவும் செய்யாத ஒன்றிரண்டும் அதில் இருக்கும். எக்ஸ்எம்எல் பார்சர் அவற்றைக் கண்டதும் நின்றுவிடும், அப்போது உன் எடிட்டர் என்ன சொல்கிறது என்று பார்.

என்ன சொல்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் "லைன் 1, காலம் 4032, மிஸ்மேட்ச்டு டேக்" என்று இருந்தது. சிறுகதை எழுதுகிறவருக்கு இது என்ன சொல்லும்? தான் ஏதோ உடைத்துவிட்டோம் என்ற பயத்தைத்தான் சொல்லும். "நீங்கள் சற்றுமுன் ஒட்டிய பகுதியில், மூன்றாம் பத்தியின் தடித்த எழுத்து எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. உங்கள் பழைய பிரதி பத்திரமாக இருக்கிறது" என்று இருந்தால் அவர் தானே சரிசெய்துகொள்வார். உங்கள் செயலி காட்டுகிற பிழைச் செய்திகள் அத்தனையையும் ஒரு ஷீட்டில் போட்டு அனுப்பு. எந்தச் செய்தி எப்போது வருகிறது என்பதைப் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும். தமிழில் நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அத்தை